இரண்டடி மேடு

2016 மார்ச்சில் ஒரு ஞாயிற்றுக்கிழமை எங்கள் வீட்டு வாசலில் பத்து டிப்பர் லோடு மண் இறங்கியது. பாதி சவுடு, பாதி எங்கோ இடித்த கட்டடத்தின் ரப்பிஷ். மேஸ்திரி காம்பவுண்டு சுவரில் சாக்பீஸால் ஒரு கோடு போட்டுக் காட்டினார்.

"இதுவரைக்கும் ஏத்திடலாம் சார். ரோட்டைவிட அரை அடி தூக்கலா இருக்கும். இனிமே மழைத் தண்ணி ஒரு சொட்டு உள்ள வராது."

"அப்ப அது எங்க போகும்?" என்று கேட்டேன். உண்மையில் தெரிந்துகொள்வதற்காகக் கேட்கவில்லை. ஏதோ கேட்க வேண்டுமே என்று கேட்டது.

"அது போவும் சார், எங்கனா" என்றார்.

முடிச்சூரில் அப்பா மனை வாங்கியது 1990களின் தொடக்கத்தில். ஒரு கிரவுண்டு. நாற்பதுக்கு அறுபது. லேஅவுட் வரைபடத்தில் எல்லாக் கோடுகளும் நேராக இருந்தன. தெருக்களுக்கு மலர்களின் பெயர். அப்பா மதுராந்தகம் பக்கத்துக் கிராமத்துக்காரர், ஏரிப் பாசனத்தில் வளர்ந்தவர். மனையைப் பார்த்துவிட்டு வந்த அன்று அவர் சொன்ன ஒரே வார்த்தை, "நஞ்சை." வரப்புகள் அப்போதும் தெரிந்தன. கையிலிருந்த பணத்துக்குக் கிடைத்தது அதுதான் என்பதால் வாங்கினார். ஆனால் மூன்றரை அடிக்குப் பேஸ்மட்டம் எழுப்பினார். சுற்றியிருந்தவர்கள் ஒன்றரை, இரண்டு அடியோடு நிறுத்திக்கொண்டார்கள். வாசலில் ஆறு படி ஏறித்தான் வீட்டுக்குள் போக வேண்டும். கோயிலா கட்டுறீங்க என்று கேலி செய்தவர்கள் உண்டு.

வீட்டைத்தான் உயர்த்தினார், தோட்டத்தை அல்ல. இந்த வித்தியாசம் எனக்குப் புரிய இருபத்தைந்து வருடம் ஆயிற்று.

செங்கல்பட்டு மாவட்டத்துக்கு ஏரி மாவட்டம் என்ற பெயர் பழையது. இங்கே மழை சில வாரங்களில் கொட்டித் தீர்த்துவிடும், நிலம் கிழக்கே கடலை நோக்கி மெல்லச் சரியும். அந்தச் சரிவில் பிறை வடிவில் கரை போட்டு நீரை நிறுத்தியதுதான் ஏரி. ஒன்று நிரம்பினால் கலங்கல் வழியாக அடுத்ததற்குப் போகும். ஆதனூர் ஏரியில் தொடங்குவதாகச் சொல்லப்படும் அடையாறு மேல்பகுதியில் பார்த்தால் ஒரு ஆறே அல்ல. மண்ணிவாக்கம், முடிச்சூர், வரதராஜபுரம் என்று ஏரிகளும் கால்வாய்களும் தங்கள் மிச்சத்தைக் கொட்டும் ஒரு வடிகால். ஏரிக்குக் கீழே நஞ்சை. ஊர் இருந்தது நத்தத்தில். பழைய ஊர்களில் நத்தத்தைக் கண்டுபிடிக்க வரைபடம் தேவையில்லை, மழை நாளில் போய்ப் பார்த்தால் போதும். தண்ணீர் நிற்காத இடம் அது. சென்னையின் தெற்கே இன்றும் ஊர்ப் பெயர்கள் இதைச் சொல்லிக்கொண்டிருக்கின்றன. பழவந்தாங்கல் என்ற பெயரிலேயே தாங்கல் இருக்கிறது, சிறிய நீர்நிலை என்று பொருள். தாங்கலில் வீடு கட்டியவர் பிறகு தண்ணீர் வந்துவிட்டது என்று சொல்வது ஒருவகையில் வேடிக்கைதான். தண்ணீர் இருந்த இடத்துக்கு வந்தது நாம்.

முடிச்சூரிலிருந்து தென்மேற்கே போனால் உத்திரமேரூர். அங்கே வைகுண்டப் பெருமாள் கோயில் சுவரில் முதலாம் பராந்தகன் காலத்துக் கல்வெட்டுகள் இரண்டு உண்டு, கி.பி. 919, 921. குடவோலைக்காகப் பள்ளிப் பாடத்தில் வருபவை. நாம் அதைத் தேர்தல் முறை என்று மட்டும் படித்துவிட்டோம். என்ன வேலைக்காகத் தேர்ந்தெடுத்தார்கள் என்பது அதைவிடச் சுவாரசியம். சம்வத்சர வாரியத்துக்குப் பன்னிரண்டு பேர், தோட்ட வாரியத்துக்குப் பன்னிரண்டு பேர், ஏரி வாரியத்துக்கு ஆறு பேர். தோட்டத்துக்கு ஒரு வாரியம்! ஆண்டு வாரியமான சம்வத்சர வாரியத்துக்கு, ஏற்கனவே தோட்ட வாரியத்திலும் ஏரி வாரியத்திலும் வேலை செய்தவர்களுக்கு முன்னுரிமை. முன்பு வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவர்கள் நிற்கவே முடியாது, அவர்களுடைய உறவினர்களும்கூட.

இதைச் சொல்லிப் பெருமூச்சு விடுவது என் நோக்கமல்ல. கால்வேலி நிலமும் சொந்த மனையும் உள்ளவர்களுக்கே அந்தச் சபையில் இடம். அது ஒரு பிராமண ஊர். ஏரியில் இறங்கித் தூர் வாரியவர்களின் பெயர் அந்தச் சுவரில் இல்லை. ஆனால் ஒரு விஷயத்தில் அவர்களுக்குத் தெளிவு இருந்தது: ஏரியும் தோட்டமும் தனி மனிதன் காம்பவுண்டுக்குள் தீர்மானித்துவிடும் விஷயங்கள் அல்ல. வாரியம் என்ற சொல் மட்டும் நம்மிடம் தங்கிவிட்டது. குடிநீர் வாரியம், வீட்டுவசதி வாரியம், மின்சார வாரியம். தோட்டத்துக்கும் ஏரிக்கும் மட்டும் வாரியம் இல்லை.

ஏரிக் கலங்கலின் மேல் வரிசையாகக் கற்கள் நட்டிருப்பதை அப்பா ஊரில் பார்த்திருக்கிறேன். மழைக்காலம் முடியும் தறுவாயில் அந்தக் கற்களுக்கு நடுவே மண்ணும் புல்லும் வைத்து அடைத்தால் ஏரியில் இன்னும் கொஞ்சம் நீர் நிற்கும். பெருமழை வந்தால் எடுத்துவிட வேண்டும். எடுக்காவிட்டால் ஏரியின் உள்வாயில், மேல்புறத்தில், பயிர் வைத்தவன் மூழ்குவான். சில சமயம் ராத்திரியோடு ராத்திரியாக அடைப்பார்கள், மறுநாள் ராத்திரி எதிர்க்கட்சிக்காரர்கள் போய்ப் பிடுங்குவார்கள். அப்பாவின் பெரியப்பா ஒருவருக்கு இப்படிப்பட்ட ஒரு ராத்திரியில் மண்டை உடைந்ததாம். ஒரு முழம் உயரத்துக்காக. கதையாகக் கேட்டுச் சிரித்திருக்கிறேன்.

மதுராந்தகத்து ஏரிகாத்த ராமர் கதை எல்லோருக்கும் தெரியும். 1790களில் ஜாகீர் கலெக்டராக இருந்த லயோனல் பிளேஸ், கரை உடையப் போகும் மழை இரவில் வில்லோடு இரண்டு பேர் கரையில் நிற்பதைப் பார்த்தாராம். தாயார் சன்னிதியைக் கட்டிக்கொடுத்தாராம். கதையின் உண்மை ஒருபுறம் இருக்கட்டும். கும்பினி கலெக்டருக்கு வரி வேண்டும், வரிக்கு நெல் வேண்டும், நெல்லுக்கு ஏரி நிற்க வேண்டும். ஆகவே மழை ராத்திரியில் அவர் கரையில் நின்றிருக்கக் கூடியவர்தான். ஏரியால் யாருக்காவது வருமானம் இருந்தவரை, கரையில் யாராவது ஒருவர் நின்றார்கள்.

அதே காலத்தில் சென்னையில் வேறொன்று நடந்துகொண்டிருந்தது. கோட்டையின் நெரிசலிலிருந்து வெளியேறிய கும்பினி உத்தியோகஸ்தர்கள் எழும்பூர், நுங்கம்பாக்கம், அடையாற்றங்கரை என்று தோட்ட வீடுகள் கட்டினார்கள். நம்முடைய இன்றைய 'முன்னாடி தோட்டம், நடுவுல வீடு, சுத்தி காம்பவுண்டு' என்கிற கனவு அங்கிருந்து வருவது. நம் தெருவீட்டில் தோட்டம் பின்னால்தான் இருக்கும். கொல்லை, புழக்கடை. முன்னால் திண்ணை, அது தெருவுக்குச் சொந்தம். குளிக்கிற தண்ணீர், பாத்திரம் கழுவுகிற தண்ணீர் எல்லாம் கொல்லைக்குப் போய் வாழைக்கும் சேம்புக்கும் பாயும். தோட்டம் என்பது வடிகாலின் மறுபெயர். தோட்ட வீட்டில் அது காட்சிப் பொருளானது.

ஜேம்ஸ் பிராடி என்ற அதிகாரி 1796 வாக்கில் அடையாற்றங்கரையில் ஒரு மாளிகை கட்டத் தொடங்கினார். பிராடி காஸில். இன்று அங்கே இசைக் கல்லூரி இருக்கிறது. கட்டிய சில ஆண்டுகளுக்குள் அதே ஆற்றில் படகு விபத்தில் மூழ்கி இறந்துபோனார். அந்த மனிதருக்குப் பதினோரு ஏக்கர் இருந்தது. ஆறு பெருகினால் தோட்டத்தில் ஏறி, நின்று, இறங்கிப் போகும். 1835இல் மெட்ராஸ் வேளாண் தோட்டக்கலைச் சங்கம் தொடங்கியபோது அதன் செடிகளும் விதைகளும் போய்ச் சேர்ந்தது பெரும்பாலும் இப்படிப்பட்ட தோட்டங்களுக்குத்தான். பதினோரு ஏக்கரின் அழகியலை நாம் அரை கிரவுண்டுக்குள் மடித்து வைத்தோம். மடிக்கும்போது தண்ணீர் நிற்கிற இடம் மட்டும் மடிப்பில் காணாமல் போயிற்று.

பிறகு நடந்தது வேகமாக நடந்தது. 1920களில் மாம்பலம் நீண்ட ஏரி தியாகராய நகர் ஆனது. மேற்கு மாம்பலத்தில் ஏரி போய் லேக் வியூ ரோடு மட்டும் நிற்கிறது. நுங்கம்பாக்கம் ஏரியின் படுகையில் 1976இல் வள்ளுவர் கோட்டம் திறந்தார்கள். அதே 1976இல் அடையாறு கோட்டூர்புரத்துக்குள் புகுந்தது. அதற்குப் பிறகும் 1985, 2005. நகரம் தெற்கே நகர்ந்து வந்துகொண்டே இருந்தது, நாங்களும் அதில் வந்தவர்கள்தான்.

அப்பாவின் தோட்டத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். முன்பக்கம் செம்பருத்தி, பவழமல்லி. பக்கவாட்டில் டீச்சர் வீட்டுச் சுவரை ஒட்டி, கிழக்கு நோக்கிச் சரிவாக ஒரு பள்ளப் பாத்தி. ஓரத்தில் செங்கற்களைச் சாய்த்து நட்டுப் பல் பல்லாக வரப்பு. அதில் கல்வாழை, வெட்டிவேர், பொன்னாங்கண்ணி, கொஞ்சம் வல்லாரை. ஐப்பசி, கார்த்திகையில் கணுக்கால் அளவு தண்ணீர் அங்கே நிற்கும். தவளை கத்தும். அம்மாவுக்கு அது பிடிக்காது, பூச்சி பொட்டு வருகிறது என்பார். அப்பா மூட விடவில்லை. "தண்ணிக்கு ஒரு எடம் குடுத்துட்டா அது நம்ம எடத்துக்கு வராதுடி."

2009இல் அப்பா போனார். அடுத்த வருடம் நான் அந்தப் பாத்தியைத் தூர்த்து, நர்சரியிலிருந்து கொரியன் கிராஸ் வாங்கிப் பதித்தேன். என் பெண்ணுக்கு அப்போது நான்கு வயது, விளையாட இடம் வேண்டும் என்பது காரணம். புல்வெளி என்று ஒன்று வீட்டில் இருக்க வேண்டும் என்ற ஆசை இன்னொரு காரணம். கோடையில் அந்தப் புல்லுக்குத் தண்ணீர் லாரி வாங்கி ஊற்றியிருக்கிறேன் என்பதை இப்போது எழுதக் கூச்சமாக இருக்கிறது.

2015 டிசம்பர் 1. தாம்பரத்தில் 24 மணி நேரத்தில் 49 சென்டிமீட்டர். இந்த எண்ணை எல்லோரும் எழுதுகிறார்கள், அது எவ்வளவு தண்ணீர் என்று யாரும் சொல்வதில்லை. ஒரு கிரவுண்டு என்பது 2,400 சதுர அடி, சுமார் 223 சதுர மீட்டர். அதன்மேல் 49 சென்டிமீட்டர் விழுந்தால் 1,09,000 லிட்டர். 12,000 லிட்டர் தண்ணீர் லாரி ஒன்பது. எங்கள் ஒரு வீட்டு மனையில் மட்டும், வானத்திலிருந்து நேராக. ஏரிகள் உடைத்துக்கொண்டு வந்தது தனி.

சென்னை வெள்ளம் என்றால் செம்பரம்பாக்கம் என்றே பேச்சு போகும். விநாடிக்கு 29,000 கன அடி திறந்தது, 2018இல் வெளிவந்த தணிக்கைத் துறை அறிக்கை அதை மனிதர்களால் நேர்ந்த பேரிடர் என்றது, எல்லாம் சரி. ஆனால் செம்பரம்பாக்கத்தின் உபரி அடையாற்றில் சேருவது திருநீர்மலைப் பக்கம். முடிச்சூர் அதற்கு மேலே இருக்கிறது. எங்களை மூழ்கடித்தது பெரிய ஏரி அல்ல, பெயர்கூடச் சரியாகத் தெரியாத சின்ன ஏரிகளும், அவற்றின் கால்வாய்களும், அந்தக் கால்வாய்களின் மேல் உட்கார்ந்திருந்த நாங்களும்தான். இதற்கு ஒரு அணை அதிகாரியைக் குற்றம் சொல்ல முடியாது என்பதால் அவ்வளவாக யாரும் பேசுவதில்லை.

ஆறு படிகளையும் தாண்டி ஹாலுக்குள் நான்கு அடி. மாடியில் நான்கு நாள் இருந்தோம். டீச்சரம்மாவும் எங்களோடுதான் இருந்தார். ஓய்வு பெற்ற கணக்கு டீச்சர், தனியாக இருப்பவர். சுவரைத் தாண்டி ஆகாயத்தாமரை மிதந்து வந்து எங்கள் தோட்டத்தில் பூத்து நின்றது. நீர் வடிந்த பிறகு எல்லாவற்றின் மேலும் நான்கு விரல் கனத்துக்குக் கறுப்புச் சேறு, காய்ந்ததும் ஓடு ஓடாக வெடித்தது. பப்பாளி நின்ற இடத்திலேயே அழுகிவிட்டது. முருங்கை விழுந்தது. இருபது வருடக் கறிவேப்பிலை இலையை எல்லாம் உதிர்த்துவிட்டுத் திரும்பத் துளிர்க்கவில்லை. தென்னைக்கு ஒன்றும் ஆகவில்லை. கொரியன் கிராஸ் சேற்றுக்கடியில் பாயாக மக்கிப்போயிற்று. முதலில் தலைகாட்டியது யாரும் நடாத அருகம்புல். அதற்கு அடுத்து, தூர்த்த பாத்தியின் மூலையிலிருந்து ஒரு கல்வாழைக் குருத்து. அம்மா அதைப் பார்த்துவிட்டு, "உங்கப்பா எட்டிப் பார்க்குறாரு" என்றார்.

அந்தக் குருத்தின் மேல்தான் மார்ச் மாதம் பத்து லோடு மண் கொட்டினேன்.

நான் மட்டும் அல்ல. அந்த வருடம் எங்கள் பகுதி முழுக்க மண் ஏறிக்கொண்டிருந்தது. சிலர் ஹரியானாவிலிருந்து வந்த ஆட்களை வைத்து வீட்டையே ஜாக்கியில் தூக்கினார்கள். மற்றவர்கள் மனையை உயர்த்தி, மேலே பேவர் பிளாக் பதித்து, இடுக்கில் சிமென்ட் பூசினார்கள். 2003இல் மழைநீர் சேகரிப்பைக் கட்டாயமாக்கியபோது அவசர அவசரமாகத் தோண்டிய குழிகள் அந்த பிளாக்குகளுக்கு அடியில் போயின. என் வீட்டுக் குழியும்தான். நியாயமாகச் சொன்னால், கார்த்திகையில் எங்கள் ஊரில் ஓரடி தோண்டினாலே ஊற்று வரும், அப்போது எந்தக் குழியும் எதையும் குடிக்காது. 49 சென்டிமீட்டரை எந்தத் தோட்டமும் தாங்காது. தோட்டத்தால் ஆகக்கூடியது சிறிய காரியம். ஐப்பசியில் வரும் ஐந்து, பத்து சென்டிமீட்டர் மழையைக் கொஞ்ச நேரம் நிறுத்திவைப்பது, அவ்வளவுதான். ஆனால் பெருவெள்ளம் பத்து வருடத்துக்கு ஒருமுறை வந்தால், அந்தச் சின்ன மழை வருடத்துக்கு நான்கு முறை வருகிறது.

இதற்கிடையில் ரோடு. ஒவ்வொரு முறை போடும்போதும் பழையதைச் சுரண்டாமல் மேலேயே போட்டு, நாங்கள் குடிவந்ததிலிருந்து ஒன்றரை அடி ஏறியிருந்தது. 2021இல் தலைமைச் செயலாளராக இருந்த இறையன்பு, சுரண்டிவிட்டுத்தான் போட வேண்டும் என்று உத்தரவு போட்டார். அதற்குள் ஏற வேண்டியது ஏறிவிட்டது.

அந்த நவம்பரில் விடாத மழை. ஒரு காலை, எங்கள் வாசல் பேவர் பிளாக் எல்லாம் கழுவிவிட்டதுபோல் பளிச்சென்று இருந்தது. ஒரு சொட்டு நிற்கவில்லை. மேஸ்திரி சொன்னது சரிதான் என்று நினைத்துக்கொண்டே பால் வாங்கப் போனவன் டீச்சர் வீட்டுக் கேட்டருகே நின்றுவிட்டேன். ஒரு பக்கம் உயர்ந்த ரோடு, ஒரு பக்கம் என் மேடு. அந்த வீடு கிண்ணத்துக்குள் இருந்தது. டீச்சர் புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு முழங்கால் தண்ணீரில் நின்று, சமையலறையிலிருந்து வாளி வாளியாக வெளியே ஊற்றிக்கொண்டிருந்தார். வெளியே ஊற்றியது திரும்ப உள்ளே போய்க்கொண்டிருந்தது.

"மோட்டார் கொண்டாரேன் டீச்சர்."

"கொண்டா தம்பி." வாளியைக் கீழே வைத்தார். "ஒண்ணு சொல்லட்டா, தப்பா எடுத்துக்காத. எங்க வீட்டுத் தண்ணி மட்டும்னா இவ்வளவு இருக்காது. கணக்குப் போட்டுப் பாத்தேன்."

கோபமே இல்லாமல் சொன்னார். கணக்கு டீச்சர். போட்டிருப்பார். என் மனையில் மண்ணாக, புல்லாக இருந்த 1,500 சதுர அடியை நான் கூரையாக்கிவிட்டேன். அதில் பத்து சென்டிமீட்டர் மழை விழுந்தால் சுமார் 14,000 லிட்டர். சரிவு எந்தப் பக்கம் என்று மேஸ்திரியிடம் நான் கேட்கவே இல்லை. அப்பாவின் பெரியப்பா மண்டையை உடைத்தவர்கள் கலங்கலில் அடைத்தது ஒரு முழம். நான் இரண்டடி.

2022 கோடையில் டீச்சர் வீட்டுச் சுவரை ஒட்டி நான்கு அடி அகலத்துக்கு, அறுபது அடி நீளத்துக்கு பேவர் பிளாக்கைப் பெயர்த்து, பழைய மட்டம் வரை தோண்டினேன். 480 கன அடி. ஏறக்குறைய 13,600 லிட்டர் கொள்ளும். அதே மேஸ்திரிதான் வந்தார். "ஏத்தினதுக்கும் காசு, எறக்குறதுக்கும் காசா சார்" என்று சிரித்தார். இரண்டாம் நாள் கடப்பாரை எதிலோ தட்டியது. அப்பாவின் செங்கல் வரப்பு, சாய்த்து நட்டபடியே, பல் பல்லாக. கல்வாழை, வெட்டிவேர் எதுவும் மிஞ்சவில்லை. டீச்சர் சுவருக்கு அந்தப் பக்கமிருந்து ஒரு பிளாஸ்டிக் கவரை நீட்டினார். உள்ளே மண்ணோடு நாலைந்து கிழங்கு. "உங்கப்பா குடுத்ததுதான். தொண்ணூத்தெட்டுலயோ என்னவோ."

அந்த ஐப்பசியில் பாத்தி நிரம்பியது, டீச்சர் வீட்டுப் படியைத் தண்ணீர் தொடவில்லை. 2023 டிசம்பரில் மிக்ஜாம் வந்தபோது கால்வாய்ப் பக்கமிருந்து வந்த தண்ணீர் இரண்டு வீட்டையும் ஒன்றாகவே பார்த்தது. பாத்தி எங்கே இருக்கிறது என்றே தெரியவில்லை. அதற்குப் பிறகு டீச்சரின் மகன் வந்து அம்மாவைப் பெங்களூருக்கு அழைத்துக்கொண்டு போனார். வீட்டை விற்றார்கள்.

வாங்கியவர் இளைஞர், நல்ல மாதிரி. பழைய வீட்டை இடித்தாயிற்று. போன மாதம் கேட்டைத் தட்டினார். கையில் டேப்.

"அங்கிள், நாலடி ஏத்தலாம்னு இருக்கோம். உங்க செவுத்துப் பக்கம் கொஞ்சம் பள்ளமா இருக்கே, அதையும் சேர்த்து நிரவிடச் சொல்லட்டுமா? லோடு எக்ஸ்ட்ரா வருது. காசு வேணாம்."